காலரா சிகிச்சை

காலராவில் உயிரைக் குடிப்பது கிருமியைவிட உடம்பை விட்டுப் போகும் தண்ணீர்தான். கிருமி உள்ளே போன சில மணி நேரம் முதல் ஐந்து நாளுக்குள் பேதி தொடங்கும். அரிசி கழுவிய தண்ணீர்போல, பெரும்பாலும் வயிற்றுவலி இல்லாமலே கொட்டும். நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். கண் குழிந்து, குரல் கம்மி, கெண்டைக்கால் இழுத்து, நாடி கைக்கு அகப்படாமல் போகும். வைத்தியம் இல்லையென்றால் இந்த நிலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர்வரை பிழைப்பதில்லை.

இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பது 1832-லேயே தெரிந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் ஆறு பைண்ட் உப்புநீரை ஏற்றினார். முகம் தெளிந்தது, நாடி திரும்பியது. லாட்டா அங்கிருந்து கிளம்பினார். பேதி மறுபடி பிடித்துக்கொள்ள, சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். நீர் போகப் போக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைப் பலர் உணரவில்லை. ரத்தத்தை வடிப்பதும் பாதரச மருந்து கொடுப்பதும் தொடர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் அடர் உப்புநீரை ஏற்றியபோதுதான் சாவு கணிசமாகக் குறைந்தது.

அடுத்த திருப்பமும் வங்கத்தில்தான். காலராக் கிருமியின் நஞ்சே குடலை நீர் கசியவைக்கிறது என்று 1959-ல் கல்கத்தாவின் சம்புநாத் தே காட்டினார். அந்த நஞ்சு, குளுக்கோஸோடு உப்பைச் சேர்த்து உறிஞ்சும் குடலின் வழியைக் கெடுப்பதில்லை. உப்பின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகும். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் உப்புநீரைக் குடிக்கக் கொடுத்து இதை நிரூபித்தனர்.

1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கவைத்தார். பொட்டலங்களைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். குழாய் வைத்த பீப்பாயிலிருந்து பிடித்துப் புகட்டியவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. முகாமில் இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. இவ்வளவு எளிய மருந்தைப் படித்தவர்கள் நம்பத்தான் நாளாயிற்று! மகலநாபிஸுக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-ல், மறைவுக்குப் பிறகு.

இன்று மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் நரம்பு வழியே வேகமாக ஏறும். குடிக்க முடிந்ததும் ஓ.ஆர்.எஸ். எனும் குளுக்கோஸ் உப்புநீர். நடுவில் துளையிட்ட கட்டிலுக்கு அடியில் வாளி இருக்கும். அதில் சேர்வதை அளந்து, அந்த அளவுக்கு நீரைத் திருப்பிக் கொடுப்பார்கள். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை பேதியின் அளவையும் நாட்களையும் குறைக்கும், அவ்வளவே. இப்படி நேரத்தோடு கவனித்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே.