"எங்கட மூத்தம்மா பத்துப் புள்ளயும் ஊட்டுலதான் பெத்தா"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள், குறிப்பாகக் கணவன்மாரும் மாமிமாரும்.

"எங்கட மூத்தம்மா பத்துப் புள்ள பெத்தா. பத்தும் ஊட்டுலதான். ஒரு ஊசி இல்ல, ஒரு டொக்டர் இல்ல." இந்த வசனத்தைக் கேட்காத குடும்பம் நம்மிடையே குறைவு. முன்பு இதைப் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது சிலர் இதை ஒரு வாதமாகவே எடுத்து வைக்கிறார்கள்: அவர்கள் வீட்டில் பெற்றார்கள், நாமும் பெறலாம், ஆஸ்பத்திரி எதற்கு?

நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர், வைத்தியர் அல்ல. ஆனால் இந்த வாதம் வரலாற்றை ஆதாரமாகக் காட்டுவதால், அந்த வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மூத்தம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உயிர் தப்பி, பேரப்பிள்ளைகளைக் கண்டு, கதை சொல்லக் கிடைத்தவர். பேறோடு மவுத்தான பெண்கள் யாருக்கும் கதை சொல்லவில்லை. அவர்களைப் பற்றி அறிய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் இந்தப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமானது. 1930களில் இந்த நாட்டில் 100,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பேறுக்கு ஒரு தாய். ஒரு பெண் ஆறு தரம் பெற்றால், ஏதாவது ஒரு பேற்றில் உயிர் போகும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. ஒரு தெருவில் எட்டுக் குமர்களுக்குக் கல்யாணம் நடந்தால், அவர்களில் ஒருத்தி பேறோடு போவாள் என்பதுதான் அதன் பொருள்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி என்பதும் ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. 1840களில் வியன்னா நகரின் பெரிய பேற்று ஆஸ்பத்திரியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. டொக்டர்மார் பேறு பார்த்த பிரிவில் 100க்குச் சுமார் 10 தாய்மார் இறந்தார்கள். மருத்துவமாதர் பார்த்த பிரிவில் 4க்கும் குறைவு. பிரேத பரிசோதனை செய்த கையோடு டொக்டர்மார் பேறு பார்க்க வந்ததுதான் காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்து, 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். மரணங்கள் சட்டென்று குறைந்தன. ஆகவே பேறு எங்கே நடக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. யாருடைய கை, எவ்வளவு சுத்தமான கை, சிக்கல் வந்தால் அடுத்து என்ன வழி என்பதையும் பார்க்க வேண்டும்.

நமது நாட்டில் அறிவு இருந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே 'பிரசவ வைத்தியம்' என்ற நூலைத் தமிழில் தந்தார். 1879இல் கொழும்பில் டி சொய்சா பேற்று ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆனால் கிராமத்துப் பெண்ணுக்கு இந்த இரண்டும் எட்டவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஊர் மருத்துவிச்சிதான்.

அந்த மருத்துவிச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் வருவார். தாய்க்குத் தைரியம் சொல்வார், இடுப்பைத் தேய்த்துவிடுவார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார். ஆனால் இரத்தம் நிற்காமல் ஓடினால் அவரிடம் மருந்து இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கொப்பூழ்க் கொடியை அவிக்காத கத்தியால் வெட்டினால் ஏற்புவலி வரும். ஒரு கிழமை அளவில் பிள்ளையின் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், வலிப்பு வந்து மவுத்தாகும். பிழை மருத்துவிச்சியுடையதல்ல. அவருக்குப் பயிற்சியும் இல்லை, பின்னால் ஓர் ஆஸ்பத்திரியும் இல்லை.

மாற்றம் 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ரொக்ஃபெல்லர் மன்றத்தின் உதவியோடு அங்கே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. இன்று நாம் எம்.ஓ.எச் ஒஃபிஸ் என்று சொல்வதன் ஆரம்பம் அதுதான். அதில் முக்கியமானவர், வீடு வீடாகப் போன பயிற்சி பெற்ற மருத்துவமாது.

நமது கவனத்துக்கு வராத விஷயம் இங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பேறு பார்த்த காலத்தில் மருத்துவமாதின் வேலை நோவு கண்ட அன்று தொடங்கவில்லை. பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியது. தாயைப் பதிவு செய்தார், சோதித்தார். வீட்டையும் வீட்டாரையும் ஆயத்தப்படுத்தினார். எந்த அறை, அதற்கு வெளிச்சம் காற்று உண்டா? பழைய துணிகளை அவித்து, வெயிலில் உலர்த்தி, தூசு படாமல் கட்டி வைத்தாயிற்றா? தண்ணீர் கொதிக்க வைக்கப் பானையும் விறகும் கையோடு இருக்கிறதா? இரவில் நோவு கண்டால் மருத்துவமாதுக்குச் சொல்லப் போவது யார்? மற்றப் பிள்ளைகள் யாருடைய பொறுப்பில்? ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் யாருடைய வண்டி? இரத்த அழுத்தம், கால் வீக்கம், முந்திய பேற்றில் சிக்கல் இருந்தவர்களை வீட்டில் வைத்திருக்காமல் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அந்த ஆயத்தத்தில் அடங்கும்.

இந்தக் கேள்விகளில் பல தாயிடம் கேட்கப்படுபவை அல்ல. கணவன், மாமி, உம்மா ஆகியோர் பதில் சொல்ல வேண்டியவை. நோவில் கிடக்கும் பெண்ணால் வண்டி தேட முடியாது.

அடுத்து வந்த ஆண்டுகளில் பல விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பெண் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள். 1946 முதல் டி.டி.டி அடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார்கள். பென்சிலின் வந்தது, இரத்தம் ஏற்றும் வசதி வந்தது, கிராமங்களுக்கு அருகில் ஆஸ்பத்திரிகள் வந்தன. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1930களில் 2,000க்கு மேல் இருந்த தாய் மரணம், 1950 அளவில் 600க்கும் கீழே வந்தது. இன்று நூறில் 99க்கும் மேற்பட்ட பேறுகள் ஆஸ்பத்திரியில்தான். தாய் மரணம் அன்றைய அளவைவிட மிகவும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு தாய் மரணமும் தனித்தனியாக விசாரிக்கப்படுகிறது.

1950 அளவில் பெருந்தொகையான பேறுகள் இன்னும் வீட்டில்தான் நடந்தன. அப்படியென்றால் வீட்டுப் பேறு சரிதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வீட்டுப் பேற்றுக்கு நான்கு தூண்கள் இருந்தன: முன்கூட்டிய சோதனை, பயிற்சி பெற்ற மருத்துவமாது, ஆயத்தமான குடும்பம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி. இன்று "இயற்கையாக வீட்டில் பெறலாம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் பலர் கிளினிக் வேண்டாம் என்கிறார்கள், மருத்துவமாது வேண்டாம் என்கிறார்கள், ஆஸ்பத்திரி வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். மூன்று தூண்களை உருவிவிட்டு, கூரை நிற்கும் என்கிறார்கள்.

இங்கிலாந்தில் இன்றும் வீட்டில் பெறுகிறார்கள் என்று உதாரணம் காட்டுவோரும் உண்டு. உண்மைதான். அங்கே ஆபத்துக் குறைந்த தாய்மாரைத் தெரிவு செய்து, பதிவு பெற்ற மருத்துவமாதை வைத்து, அம்புலன்ஸ் ஏற்பாட்டோடு செய்கிறார்கள். அப்படியிருந்தும், 2011இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பேற்றுக்காரரில் 100க்கு 45 பேர் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். முதல் பிள்ளைகளுக்கான ஆபத்தும் வீட்டில் கூடுதலாகவே இருந்தது. நமது நாட்டில் மருத்துவமாது இப்போது பொதுவாக வீட்டில் பேறு பார்ப்பதில்லை. ஆகவே அந்த உதாரணம் நமக்குப் பொருந்தாது.

ஆஸ்பத்திரிக்குப் பயப்படும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. மறைப்பு இல்லை, ஆண் டொக்டர், பாஷை விளங்கவில்லை, ஏசுகிறார்கள் என்று நம் பெண்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இவற்றைத் தீர்க்க வேண்டியவர்கள் நாம். பள்ளி நிர்வாகமும் ஊர்ச் சங்கங்களும் ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களோடு பேசி, திரை, பெண் உத்தியோகத்தர், தமிழ் தெரிந்த ஒருவர் என்று கேட்டுப் பெற வேண்டும். வெட்கத்தையும் பயத்தையும் காரணம் காட்டி ஒரு பெண்ணை உதவி இல்லாத அறையில் விடுவது தீர்வாகாது.

தாய் மரணங்களை ஆராய்ந்த தடியஸ், மெயின் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். போவோமா என்று முடிவெடுப்பதில் தாமதம், ஆஸ்பத்திரியைச் சென்றடைவதில் தாமதம், அங்கே சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதலாவது முழுக்க வீட்டில் நடப்பது. இரண்டாவதிலும் வீட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு. பேற்றுக்குப் பின் கடுமையாக இரத்தம் போகும் தாய் இரண்டு மணித்தியாலத்தில் மவுத்தாகலாம். அந்த நேரத்தில் "வாப்பா வரட்டும், கேட்டுப் போவோம்" என்று நிற்க முடியாது.

அதனால் பேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டாரின் ஆயத்தம் வீட்டிலேயே இருக்க வேண்டும். எட்டாம் மாதம் முடியுமுன் இவற்றைச் செய்து வையுங்கள்:

• கிளினிக் கார்ட் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். தாயின் இரத்த வகையும் தெரிய வேண்டும்.

• இரவில் வரக்கூடிய இரண்டு வாகனக்காரரின் நம்பர் வேண்டும். ஒருவர் போதாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பதையும் மறக்காதீர்கள்.

• கணவன் வெளிநாட்டில் அல்லது வெளியூரில் என்றால், யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்று முன்பே பேசி வையுங்கள். தாய்க்கே அந்த உரிமை இருப்பது மிக நல்லது.

• இரத்தம் காணுதல், தாங்க முடியாத தலையிடி, கண் மங்குதல், வலிப்பு, காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம்.

• வீடு திரும்பிய பிறகும் நாற்பது நாளும் கவனம். மருத்துவமாது பார்க்க வருவார், கதவைத் திறவுங்கள்.

மூத்தம்மாமாரின் தைரியம் பெரியது. அதை மதிப்போம். அடுத்த முறை அவர்களில் ஒருவரோடு உட்காரும்போது, எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். உங்களோடு ஓதிய, விளையாடிய, உங்கள் வயதுப் பெண்களில் பேறோடு மவுத்தானவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களையும் சேர்த்தால்தான் நமது ஊரின் வரலாறு முழுமையாகும்.