விரலை நம்பி வாழ்ந்தோர்: யப்பானிய உடம்புபிடித் தொழிலின் வரலாறு

இரவு வேளையிலே சிறு குழலொன்றை ஊதிக்கொண்டு, கைக்கோலினால் நிலத்தைத் தடவியவாறு நடந்துசெல்லும் மொட்டைத்தலை மனிதன் ஒருவனை எடோக் காலத்து யப்பானிய மரவச்சு ஓவியங்களிலே நாம் காண்கிறோம். அவன் பிச்சைக்காரனல்லன், தொழிலாளி. அக்குழலோசையே அவனது விளம்பரம். பகல் முழுதும் பாரம் சுமந்து தோள் நொந்த கூலியாளும், கணக்கேட்டின்மேல் குனிந்து கழுத்து விறைத்த வணிகனும் அவ்வோசையைக் கேட்டு அவனை உள்ளே அழைப்பர். உடம்பு பிடித்துவிடும் அம்மனிதன் விழிப்புலனற்றவன். அவன் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. ஆனால் அவனது தொழிலுக்கு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் சிந்தனைக்கு உரியதென்றே நாம் கருதுகிறோம்.

அவனை அழைத்தவர் எதனை எதிர்பார்க்கலாம்? எண்ணெய் பூசி உருவும் நமது பரியாரிமாரின் முறையன்று அது. உடுத்த உடை உடுத்தபடியே இருக்க, மேலே மெல்லிய துணியொன்றை விரித்து, அதன்மீதே அவன் விரல்கள் தொழிற்படும். தோளும் கழுத்தும் முதலில், பின்னர் முதுகு, அதன்பின் கைகால்கள். உடலின் நடுப்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கி அமுக்குதலும் பிசைதலும் தட்டுதலும் நிகழும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேற்கிலிருந்து வந்த முறையோ தோலின்மீது நேரடியாக, இதயத்தை நோக்கித் தேய்ப்பது. யப்பானிய முறைக்கு ‘அன்மா’ என்று பெயர். அமுக்குதல், தடவுதல் என்னும் பொருளுடைய இரு சீன எழுத்துக்களால் ஆனது அச்சொல். 701ஆம் ஆண்டின் தைஹோச் சட்டத்தொகுதியிலேயே அரசவை மருத்துவப் பிரிவில் இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர் பதவி இடம்பெற்றிருந்தது. எனவே, தொடக்கத்தில் இது விழிப்புலனற்றோருக்கே உரிய தொழிலாக இருக்கவில்லை என்பது தெளிவு. அவர்கள் கைக்கு இது வந்துசேர்ந்தது எவ்வாறு?

பீவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி, ஹெய்கே குலத்தின் வீழ்ச்சியைப் பாடித் திரிந்த விழிப்புலனற்ற பாணர்கள் மத்திய கால யப்பானிலே பலர் இருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் 1371இல் மறைந்த அகாஷி ககுஇச்சி. அவரை ஒட்டி வளர்ந்த பாணர் கூட்டமே ‘தோடோசா’ என்னும் தொழிற்சங்கமாக உருப்பெற்றது. தொக்குகாவா ஆட்சியில் (1603-1868) அரசின் அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது. பழைய பாடலுக்கு மவுசு குறையக் குறைய, அதன் உறுப்பினர் பிற இசைக்கருவிகளையும், ஊசி மருத்துவத்தையும், உடம்புபிடித் தொழிலையும் பற்றிக்கொண்டனர். பார்வையற்றவன் இரந்துண்ணப் பிறந்தவன் என்று உலகின் பல நாடுகள் முடிவுகட்டியிருந்த காலத்திலே, இங்கே அவனுக்கென்று தொழிலும் அமைப்பும் இருந்தமை சிறிய செய்தியன்று.

ஆயினும் இதன் மறுபக்கத்தை நாம் மறைத்தலாகாது. அச்சங்கம் சமத்துவத்தின் இல்லமாக இருக்கவில்லை. அடியிலே சாதோ, உச்சியிலே கெங்யோ என்று பல படிகள் கொண்ட ஏணி அது. ஒவ்வொரு படிக்கும் பணம் செலுத்த வேண்டும். அடிப்படியிலிருந்து உச்சிக்குச் செல்ல எழுநூறு பொற்காசுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. அப்பணம் மேலே உள்ளோரிடையே பங்கிடப்பட்டது. வட்டிக்குக் கொடுக்கும் சலுகையும் சங்கத்தினருக்கு இருந்தது. கடுவட்டி வாங்கிச் செல்வம் குவித்த சில கெங்யோக்களை 1778ஆம் ஆண்டில் அரசே தண்டிக்க நேர்ந்தது. இரவெல்லாம் தெருவில் குழலூதியவனும், அவன் செலுத்திய காசில் மாளிகை கட்டியவனும் ஒரே குறையை உடையோராயினும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தோரல்லர். பெண்களுக்கோ அச்சங்கத்தில் இடமேயில்லை. ‘கோசே’ எனப்பட்ட விழிப்புலனற்ற பாடினிகள் தமக்கெனத் தனிக் குழுக்களை அமைத்துக்கொண்டு ஊரூராக நடந்தனர்.

இச்சூழலிலே தோன்றியவர் சுகியாமா வாஇச்சி (1610-1694). படைவீரர் குடும்பத்திலே பிறந்து, இளமையிற் பார்வையிழந்தவர். மந்தபுத்தி உடையவர் என்று ஆசிரியரால் துரத்தப்பட்டார் என்பர். எனோஷிமாத் தீவுக்கு யாத்திரை சென்றபோது கல்லில் இடறி விழுந்தாரென்றும், சுருண்ட இலைக்குள் இருந்த ஊசியிலை ஒன்று கையிற்பட்டதென்றும், அதிலிருந்தே குழாய்க்குள் ஊசியை வைத்துச் செலுத்தும் முறையை அவர் கண்டாரென்றும் மரபுக்கதை கூறுகிறது. கதை எப்படியாயினும் முறை உண்மையானது. கண்ணின் உதவியின்றி, தொட்டறிந்தே ஊசியை உரிய இடத்தில் நிறுத்த வழிசெய்த அக்குழாயை, இன்று பார்வையுள்ள மருத்துவரும் உலகெங்கும் கையாள்கின்றனர். ஐந்தாவது ஷோகனாகிய சுனயோஷியின் ஆதரவுடன் 1682ஆம் ஆண்டளவில் சுகியாமா கல்விக்கூடம் நிறுவினார். அங்கே ஊசி மருத்துவமும் உடம்புபிடிக் கலையும் விழிப்புலனற்றோருக்கு முறையாகக் கற்பிக்கப்பட்டன. வலந்தின் ஹவுயி பாரிசிலே விழிப்புலனற்றோருக்கான பாடசாலையைத் தொடங்கியது 1785இல் என்பதை இதனோடு ஒப்புநோக்குதல் தகும்.

மெய்ஜி அரசு 1871ஆம் ஆண்டிலே தோடோசாவைக் கலைத்தது. எல்லாரும் சமம் என்பது புதிய காலத்தின் முழக்கம். ஆனால் ஏணியின் உச்சியில் இருந்தவனுடைய சலுகையோடு அடியில் இருந்தவனுடைய சோறும் சேர்ந்தே பறிபோயிற்று. 1874இல் வந்த மருத்துவ விதிகள் மேலைநாட்டு மருத்துவத்தையே மருத்துவமாகக் கொண்டன. பெற்றது ஏட்டளவிற் சமத்துவம். இழந்தது அன்றாட ஊதியம். இந்நிலையில் கைகொடுத்தது கல்வியே. 1878இல் கியோத்தோவிலும், 1880இல் தோக்கியோவிலும் பாடசாலைகள் தோன்றின. 1890இல் இஷிகாவா குராஜி யப்பானிய மொழிக்கு ஏற்ப அமைத்த பிரெயில் எழுத்து ஏற்கப்பட்டது. வாய்ப்பாடமாக வந்த கலை பாடநூலாகியது. 1911ஆம் ஆண்டு விதிகள் தொழில் புரிவோருக்குப் பரீட்சையும் உரிமமும் விதித்து, விழிப்புலனற்றோருக்கெனத் தனிப் பரீட்சைப் பிரிவையும் வகுத்தன.

அடுத்த அடி 1947இல் விழுந்தது. போரில் தோற்ற யப்பானை ஆண்ட நேச நாட்டுப் படைத்தலைமையகம், ஊசி மருத்துவம், அன்மா முதலியன விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதவை எனக் கொண்டு தடைசெய்ய முற்பட்டது. நாடு பசியாற் கிடந்த வேளை அது. விழிப்புலனற்ற தொழிலாளரும் மாணவரும் திரண்டனர், மனுக்கொடுத்தனர், வாதாடினர். அவ்வாண்டு திசெம்பரில் வந்த சட்டம் தொழிலை ஒழிக்கவில்லை. பயிற்சியும் உரிமமும் உடைய தொழிலாக நிலைநிறுத்தியது. இரக்கத்தால் வந்த வெற்றியன்று அது, ஒன்றுபட்டோர் ஈட்டியது.

பின்னர் பார்வையுள்ளோரும் இத்தொழிலிற் பெருமளவில் நுழையலாயினர். 1964இல் அச்சட்டத்திற் புதிய பிரிவொன்று சேர்க்கப்பட்டது. விழிப்புலனற்றோரின் பிழைப்புப் பெரிதும் பாதிக்கப்படாதிருக்கும் பொருட்டு, பார்வையுள்ளோருக்குப் புதிய பயிற்சிக்கூடங்களை அனுமதிக்க ‘தற்போதைக்கு’ மறுக்கலாம் என்பது அதன் சாரம். தொழில் தெரிவு செய்யும் சுதந்திரத்துக்கு இது முரண் என்று 2016இல் வழக்குத் தொடரப்பட்டது. 2022 பெப்ரவரி 7ஆம் நாள் அப்பிரிவு அரசியலமைப்புக்கு மாறானதன்று என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ‘தற்போதைக்கு’ என்ற சொல் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது!

கொரியாவின் கதை இன்னும் கொடிது. யப்பானிய ஆதிக்க காலத்தில் 1913இல் அங்கு தோன்றிய இத்தொழிற் கல்வியும் உரிமையும் 1946இல் அமெரிக்கப் படையாட்சியால் நீக்கப்பட்டு, 1973இல் தென்கொரியாவில் மீண்டும் வழங்கப்பட்டன. அங்கே உரிமம் விழிப்புலனற்றோருக்கு மட்டுமே. 2006 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் இவ்வொதுக்கீட்டைச் செல்லாததாக்கியது. சோலின் பாலத்திலே ஏறி நின்று போராடியோர் சிலர் ஹான் நதியிற் குதித்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. ஓகத்து மாதத்திற் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 2008 ஒக்தோபரில் அதே நீதிமன்றம் அதனை ஏற்றது.

ஒரு தொழிலை ஒரு சாராருக்கென ஒதுக்குதல் காவலா, சிறையா? குலத்தொழில் என்னும் விலங்கை அறிந்த நம்மவர்க்கு இவ்வினா புதிதன்று. விழிப்புலனற்றவன் இதனையன்றி வேறெதனையும் செய்யலாகாது என்று சமுதாயம் எண்ணுமாயின் அது சிறையே. அக்குற்றச்சாட்டை அவர்களுட் சிலரே எழுப்பியுள்ளனர். ஆனால் வேறு கதவுகள் யாவும் அடைபட்டிருக்கையில், திறந்துள்ள ஒரே கதவைச் சமத்துவத்தின் பெயரால் அடைப்பது நீதியாகாது. முதலில் மற்றக் கதவுகளைத் திறக்கட்டும். அதன்பின் இதனைப் பற்றிப் பேசலாம். 1871 நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

இன்று யப்பானிலே உடம்பு பிடிப்பவரை நாடிச் செல்வோர், உரிமம் பெற்றவராயின், மூவாண்டுப் பயிற்சியும் அரசாங்கப் பரீட்சையும் கடந்த ஒருவரை எதிர்பார்க்கலாம். துணி விரிக்கப்படும், தோளிலே விரல்கள் படியும். அவ்விரல்கள் கற்றவை என்பதையும், கற்கும் உரிமைக்காகப் போராடியவை என்பதையும் படுத்திருப்பவர் அறிந்திருத்தல் நன்று. தொழிலாளிக்கு நாம் செலுத்தும் கூலியில் மதிப்பும் ஒரு பகுதியன்றோ?