தவளைக்குப் பெயர் வந்த வரலாறு



மழை பெய்து ஓய்ந்த இரவில், கால்வாய் ஓரத்தில் மாடு கத்துவதுபோல் ‘ங்வா... ங்வா...’ என்று ஒரு சத்தம் எழும். அதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். லயத்தின் பின்புறம் தண்ணீர்த் தொட்டியின் உள்விளிம்பில் வெள்ளை நுரை உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். “யாருடா இங்கே சவுக்காரத்தைக் கரைச்சது?” என்று சத்தம் போட்டுவிட்டு அம்மா அதை வழித்து எறிந்துவிடுவார். உண்மையில் அது சவுக்கார நுரை அல்ல, மரத்தவளையின் கூடு. உள்ளே முட்டைகள் இருக்கின்றன. பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவிக் கீழே தண்ணீரில் விழும்.

நாமோ எல்லாவற்றையும் ‘தவளை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மிஞ்சிப்போனால் தேரை, சொறித்தவளை, மரத்தவளை என்று மூன்று நான்கு பெயர் சொல்வோம். தீபகற்ப மலேசியாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றின் பெயரிலேயே நம் பேராக் மாநிலத்து மலை ஒன்று குடியிருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘புதிய தவளை கண்டுபிடிப்பு’ என்று பத்திரிகையில் படித்தால், அது ஏதோ நேற்றுப் பிறந்த பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்த ஓடையில் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள் பார்த்தும் இருப்பார்கள். அறிவியல் ஏட்டில் அதற்குப் பதிவு இல்லை, அவ்வளவுதான். பிறந்து வளர்ந்து நாற்பது வருடம் பால் வெட்டியும் கையில் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அல்லாடியவர்கள் நம் தோட்டங்களில் இருந்தார்களே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிறார், காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவருக்கு என்ன கதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றின் முதல் ஏடு பினாங்கில் தொடங்குகிறது. பெர்டினண்ட் ஸ்டோலிச்கா என்பவர் மொராவியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், பிறந்தவர். கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உத்தியோகம். பாறையையும், பாறைக்குள் கல்லாகிப்போன பழைய சிப்பிகளையும் ஆராய்வதே அவர் தொழில். பினாங்குக்கு வந்தவர், நத்தை, தேரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்தார். அங்கே மலையோடையில் கிடைத்த மெலிந்த கால்களையுடைய தேரை ஒன்றை 1870ஆம் ஆண்டில் விவரித்து, ‘அன்சோனியா பினாங்கென்சிஸ்’ என்று பெயர் சூட்டினார். பின்பாதி பினாங்கு என்பது சொல்லாமலே விளங்கும். முன்பாதி யார்? அப்போது பினாங்கின் துணை ஆளுநராக இருந்த கர்னல் ஆன்சன். நம் பேராக்கில் தெலுக் ஆன்சன் என்றொரு பட்டணம் இருந்ததே, அதுவும் அதே துரையின் பெயரால் வந்ததுதான். அந்தப் பட்டணம் 1982ஆம் ஆண்டில் தெலுக் இந்தான் ஆயிற்று. தேரை மட்டும் ஆன்சனை விடவில்லை! அறிவியல் பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் லேசில் இறங்காது. பாவம், ஸ்டோலிச்கா நெடுநாள் வாழவில்லை. யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874ஆம் ஆண்டில், லடாக் மலைப்பகுதியில் இறந்துபோனார்.

அடுத்து நம் மாநிலத்துக்கு வருவோம். தைப்பிங்கில் உள்ள பேராக் அரும்பொருட்காட்சி சாலைக்குப் பள்ளிச் சுற்றுலாவாகப் போனவர்கள் இருப்பீர்கள். மலாயாவின் முதல் காட்சி சாலை அது. 1883ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதற்கு அடிகோலியவர் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த சர் ஹியூ லோ. இந்தப் பெயர் தோட்ட மக்களுக்கு அந்நியமானதல்ல. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டனவே, அப்போது அங்கே அதிகாரியாக இருந்தவர் இவரே. நம் பாட்டன்மார் மங்கும் உளியும் பிடிக்கக் காரணமான மரமும், பேராக்கின் தவளைகள் உலக ஏட்டில் ஏறக் காரணமான காட்சி சாலையும் ஒரே மனிதர் காலத்தில் வந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் காட்சி சாலையின் பொறுப்பாளர் லியனார்ட் ரே. தைப்பிங்குக்கு மேலே எழுந்து நிற்கும் லாருட் மலையில் அரசாங்கத்துக்கு ஒரு மலைத்தோட்டம் இருந்தது. அதையும் அவர் கவனித்துவந்தார். மலைநாடு முழுவதிலும் மழை அதிகம் பொழிகிற இடம் தைப்பிங் வட்டாரம் என்பது தெரிந்ததே. மழை அதிகம் என்றால் தவளையும் அதிகம். ரே போன்றவர்கள் அந்த மலைகளில் பிடித்த பிராணிகள் சாராயப் புட்டிகளில் அடைபட்டு, கப்பலேறி லண்டன் அரும்பொருட்காட்சி சாலைக்குப் போயின.

அங்கே அவற்றைத் திறந்து பார்த்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சர். பெல்ஜியத்தில் பிறந்தவர். மீன், தவளை, ஊர்வன என்று தம் வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தார் என்றால் நம்புவீர்களா? அவற்றில் தவளை வகை மட்டும் ஐந்நூற்றுக்கு மேல். லாருட் மலைத்தோட்டத்தில், ஏறத்தாழ 3300 அடி உயரத்தில் கிடைத்த ஒரு சிறு தவளையை 1886ஆம் ஆண்டில் விவரித்தார். இன்று அதன் பெயர் ‘தெலோடெர்மா அஸ்பெரம்’. ‘அஸ்பெரம்’ என்றால் சொரசொரப்பானது. இலைமேல் அது அசையாமல் குந்தியிருந்தால் பறவை எச்சம் என்றுதான் நினைப்போம். பாம்பும் பறவையும் அப்படியே நினைத்து விலகிப்போகும். அசிங்கமாக இருப்பதே அதற்குக் கவசம்! மரப்பொந்தில் தேங்கிய மழைத்தண்ணீரில்தான் முட்டையிடும். பொந்து விழுந்த பழைய மரங்களை வெட்டிவிட்டால் அதற்குப் பிள்ளைப்பேற்றுக்கு இடமில்லை.

1899ஆம் ஆண்டில் வந்தது ‘லாருட்டென்சிஸ்’. லாருட்டைச் சேர்ந்தது என்று பொருள். நீர்வீழ்ச்சியின் வேகத்தில் மனிதன் கால் ஊன்ற முடியாத பாறைமேல், விரல் நுனிகளின் வட்டத் தட்டுகளால் ஒட்டிக்கொண்டு நிற்கும் தவளை இது. இதன் தலைப்பிரட்டை அதைவிடக் கெட்டி. வயிற்றில் உறிஞ்சு கிண்ணம் போன்ற உறுப்பு உண்டு. அதைப் பாறையில் பதித்துக்கொண்டால் வெள்ளமே வந்தாலும் அடித்துப்போகாது. மறுவருடம், 1900த்தில், லாருட் மலையின் புதிய தவளைகளையும் ஊர்வனவற்றையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார் பூலஞ்சர்.

“ஒரு தவளையைப் பார்த்துப் பெயர் வைக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்கலாம். வேலை அத்தனை சுலபமில்லை. பிடித்த தவளைகளில் ஒன்றை மூலமாதிரி என்று குறிக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை எத்தனை மில்லிமீட்டர், கண் எவ்வளவு, செவிப்பறை எவ்வளவு, விரல்களுக்கிடையே சவ்வு எதுவரை என்று அளந்து எழுத வேண்டும். பிறகு, இதற்கு ஒப்பான எல்லா இனங்களோடும் ஒப்பிட்டு, ‘இது அதுவல்ல’ என்று நிரூபிக்க வேண்டும். இக்காலத்தில் கத்தும் ஒலியையும் பதிவு செய்கிறார்கள், மரபணுவையும் சோதிக்கிறார்கள். இவை யாவும் அச்சேறிய பிறகுதான் பெயர் செல்லும். மூலமாதிரியை யார் கேட்டாலும் காட்டக்கூடிய ஓர் இடத்தில் காலமெல்லாம் வைத்துக் காக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு மனத்தாங்கல் எழுகிறது. நம் மலைத் தவளையின் மூலமாதிரி லண்டனில் ஏன் இருக்க வேண்டும்? இதில் பாதி நியாயம் உண்டு என்பது என் கருத்து. நூறு வருடத்துக்கு மேல் கெடாமல் வைத்திருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் நம் நாட்டு மாணவர் தம் மாநிலத்துத் தவளையை ஒப்பிட்டுப் பார்க்க ஏழு கடல் தாண்டி எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் வைத்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. அட்டையும் கொசுவும் கடிக்கக் காட்டில் பாதை வெட்டி, மூட்டை சுமந்து மேலே போனவர்கள் பெயர் அப்படி நிற்பது அபூர்வம்.

பிறகு நிலைமை மாறியது. இப்போது பெயர் வைப்பவர்களிலும், யார் பெயரால் வைக்கிறார்களோ அவர்களிலும், நம்மவர்களைக் காண்கிறோம். நம் சிம்பாங் பூலாயிலிருந்து மேலே ஏறும் சடக்கு கேமரன் மலைக்குப் போகிறதல்லவா, அந்தக் கேமரன் மலைக் காட்டில் கிடைத்த ஒரு தவளைக்கு 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மட்சுயி, மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யோங் ஹோய் சென் பெயரால் ‘கலோஃப்ரைனஸ் யோங்கி’ என்று பெயரிட்டார். ஆண் தவளையின் மேற்கையில் எலும்பு முள் ஒன்று இருப்பது இதன் தனி அடையாளம். அதற்கு முந்தைய வருடம், 2008இல், பிரேசர் மலையில் கண்ட தேரை ஒன்று ‘அன்சோனியா ஜீத்சுகுமாரனி’ ஆயிற்று. தவளை ஆய்வாளர் ஜீத் சுகுமாரன் பெயர் அது. கர்னல் ஆன்சனும் சுகுமாரனும் ஒரே தேரையின் பெயரில் தோளோடு தோள் நிற்பதைப் பாருங்கள்!

நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில், ஓடைப் பாறைகளில் வாயால் ஒட்டிக்கொள்ளும் ஒரு தலைப்பிரட்டையை 1918ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார்கள். பிள்ளை கிடைத்தது, தாய் தகப்பன் யார் என்று தெரியவில்லை. வருடம் முழுக்க மண்ணுக்கடியில் வாழ்ந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் பன்றிமூக்குத் தவளைதான் அது என்று விளங்க நெடுங்காலம் ஆயிற்று. அது கேரளப் பக்கத்துத் தவளை. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில், இதன் உறவு இனம் ஒன்று உண்டென்பதை ஜெகத் ஜனனி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2017ஆம் ஆண்டில் நிலைநாட்டினார்கள். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவ மழையில் வெளியே வரும். இதுவோ வடகிழக்குப் பருவ மழைக்குக் காத்திருக்கும். கோயம்புத்தூரில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதி, 2014ஆம் ஆண்டில் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன இடத்தில் விபத்தில் உயிர் துறந்தார். அந்தத் தவளைக்கு ‘பூபதி’ என்றே பெயர் வைத்தார்கள்.

பெயர் இதற்கெல்லாம் எதற்கு என்றால், காக்கப்பட வேண்டியவை என்று பட்டியல் எழுதும்போது பெயர் இல்லாததை எழுத முடியாது. 2023ஆம் ஆண்டில் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி, நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அழிவை நோக்கி நிற்கின்றன. அதுவும் பெயருள்ளவற்றின் கணக்கு மட்டுமே. காய்கறித் தோட்டத்துக்கும் செம்பனைக்கும் மலைச்சரிவை வெட்டித் தள்ளும்போது, பதிவே இல்லாத எத்தனை போயினவோ, யார் எண்ணினார்கள்?

நாம் நன்கறிந்ததாக நினைப்பதும் அப்படியே. 1899இல் பெயர் பெற்ற அந்த லாருட்டென்சிஸ் தவளை, தீபகற்பம் முழுவதும் ஒரே இனம் என்றுதான் நூறு வருடத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள். நம் நாட்டு ஆய்வாளர் சான் கின் ஓனும் அவருடன் சேர்ந்தவர்களும் மரபணுவையும் உடலளவையும் ஒப்பிட்டு, 2018ஆம் ஆண்டில் அதை மூன்றாகப் பிரித்தார்கள். கிழக்கே இருப்பதற்கு ‘கெருத்து’ என்று மலாய்ச் சொல்லையே பெயராக்கினார்கள். தெற்கே இருப்பது ‘ஆஸ்திராலிஸ்’. பழைய பெயர் நம் பக்கத்துத் தவளைக்கு நிலைத்தது.

விடுமுறைக்கு நீர்வீழ்ச்சிக்குப் போகிற பிள்ளைகள், தண்ணீர் பாயும் பாறையில் கறுப்பாக ஒட்டியிருக்கும் தலைப்பிரட்டைகளைத் தேடிப் பாருங்கள். பிடுங்கிப் பார்க்க வேண்டாம். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாலே அது வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பது தெரியும்.