ஃபார்மேட் அடிப்பதன் வரலாறு: எதை அழித்தோம், எதைக் காப்பாற்றினோம்?

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது, அடிக்கடி நின்றுபோகிறது, வைரஸ் புகுந்துவிட்டது. என்ன வியாதியாக இருந்தாலும் கடைசியில் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மேட் அடிச்சிடலாம்". இந்த வார்த்தையைக் கேட்காத கணினி வீடு நம் ஊரில் இருக்காது. கணினியின் வரலாறு என்றால் யார் கண்டுபிடித்தார், எப்போது வெளிவந்தது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவியதன் வரலாற்றை அதிகம் பேர் எழுதவில்லை. ஆனால் சாதாரண மனிதர்கள் எதை இழந்தார்கள் என்பது அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

வரப்பு கட்டும் வேலை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபார்மேட் என்பது அழிப்பதற்காக உருவான கட்டளை இல்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் வன்தட்டே கிடையாது. 160 கிலோபைட் மட்டுமே கொள்ளும் ஃபிளாப்பிதான். கடையில் வாங்கும் புது ஃபிளாப்பி வெறும் காந்தப் பூச்சு பூசிய தகடு. எழுதுவதற்கு முன் அதில் தடங்களையும் பகுதிகளையும் வகுக்க வேண்டும். வெறும் நிலத்தில் வரப்பு கட்டிப் பாத்தி பிரிப்பதைப் போன்ற வேலை இது. அதற்குத்தான் ஃபார்மேட் கட்டளை.

1983-ல் வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0-ல் ஒரு ஆபத்தும் வந்தது. எந்த டிரைவ் என்று சொல்லாமல் வெறுமனே ஃபார்மேட் என்று தட்டினால், அப்போது நிற்கும் டிரைவையே அது எடுத்துக்கொள்ளும். ஃபிளாப்பி என்று நினைத்து வன்தட்டில் நின்றபடி தட்டியவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! பிந்தைய பதிப்புகளில் டிரைவ் எழுத்தைக் கட்டாயமாக்கி, எச்சரிக்கையும் சேர்த்தார்கள்.

உண்மையில் அழிந்தது என்ன?

டாஸ் காலத்தில் வன்தட்டை ஃபார்மேட் செய்தால் கோப்புகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஃபேட் அட்டவணையும் முதன்மைக் கோப்பகமும்தான் புதிதாக எழுதப்படும். வீடுகளை இடிக்காமல் கிராம அலுவலகத்தில் இருந்த பதிவேட்டை மட்டும் கிழித்துப்போட்டது மாதிரி. அதனால்தான் மீட்புத் தொழில் என்ற ஒன்று பிறந்தது. பீட்டர் நார்ட்டன் 1982-ல் வெளியிட்ட நார்ட்டன் யுடிலிட்டீஸ் புகழ் பெற்றது, நீக்கிய கோப்பை மீட்டுக்கொடுத்ததால்தான். 1991-ல் வந்த எம்.எஸ். டாஸ் 5.0-ல் அன்ஃபார்மேட் என்ற கட்டளையையே மைக்ரோசாஃப்ட் சேர்த்துக் கொடுத்தது. "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சொல்பவருக்கு ஒரு வாய்ப்பு இருந்த காலம் அது.

சி நமக்கில்லை, டி நமக்கு

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சி டிரைவ் விண்டோஸுக்கு. டி, இ டிரைவ்கள் பாட்டு, படம், போட்டோவுக்கு. இந்தப் பழக்கம் வேரூன்றியதில் தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு. ஃபேட்16 என்ற பழைய கோப்பு முறையில், டாஸிலும் விண்டோஸ் 95-லும் ஒரு பிரிவு 2 ஜிகாபைட்டுக்கு மேல் போக முடியாது. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு 13 ஃபிளாப்பிகளில் விற்றார்கள். ஆனால் வன்தட்டுகளோ வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தன. பெரிய வன்தட்டு வாங்கினால் அதைத் துண்டு போட்டே ஆக வேண்டும். 1996-ல் ஃபேட்32 வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

தங்கியதில் நன்மையும் இருந்தது. விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் அழித்தால் போதும். ஆனால் இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, டெஸ்க்டாப்பில் வைத்த கோப்புகளும் மை டாகுமெண்ட்ஸும் சி-யில்தான் இருக்கின்றன. கண்ணெதிரே எப்போதும் தெரிவதால் அவை "கணினியில்" இருப்பதாக நினைப்பவர்கள் அதிகம். இரண்டாவது, டி என்பது வேறு தட்டு இல்லை, அதே தட்டின் இன்னொரு பாத்தி. 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் என்றும் அழைக்கப்பட்ட சி.ஐ.எச். வைரஸ் வெடித்தபோது இதை ஆசியா முழுவதும் பலர் தெரிந்துகொண்டார்கள். தைவான் மாணவர் ஒருவர் எழுதிய அந்த வைரஸ், வன்தட்டின் முதல் 1 மெகாபைட்டைச் சுழியங்களால் நிரப்பியது. பிரிவு அட்டவணை அங்கேதான் இருக்கிறது. ஆகவே சி-யோடு டி-யும் காணாமல் போனது. சில கணினிகளில் பயாஸ் நிரலையும் கெடுத்துவிட்டதால் இயந்திரமே எழுந்திருக்கவில்லை.

எக்ஸ்பி காலத்துப் பட்டியல்

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. ஃபார்மேட்டுக்கு முன் செய்ய வேண்டிய தயாரிப்புகளின் பட்டியல் இப்போது நீண்டது. 25 எழுத்து கொண்ட சாவி எண் வேண்டும். மதர்போர்டுடன் வந்த டிரைவர் சிடி வேண்டும். அது தொலைந்துபோனால் இணையத்திலிருந்து இறக்கலாம் என்பார்கள், ஆனால் இணையத்துக்குப் போக மோடம் அல்லது நெட்வொர்க் டிரைவரே இருக்காது! அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியவர்களின் அஞ்சல்கள் எல்லாம் சி-யில் மறைந்த ஒரு ஆழமான கோப்பகத்தில் இருந்தன. மை டாகுமெண்ட்ஸை மட்டும் நகலெடுத்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. எக்ஸ்பி புரொஃபஷனலில் கோப்புகளைப் பூட்டி வைத்தவர்கள் அதற்குரிய சான்றிதழையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டி-யில் பத்திரமாக இருக்கும் கோப்பையும் திறக்க முடியாது.

இதைவிட வேடிக்கையானது 2003 ஆகஸ்டில் வந்தது. பிளாஸ்டர் என்ற புழு, எக்ஸ்பியில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத் தானே நுழைந்தது. நீங்கள் எதையும் திறக்கவே வேண்டாம், இணையத்தில் இணைந்திருந்தால் போதும். ஓட்டைக்கான ஒட்டுப்போடு ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆனால் வைரஸை ஒழிக்க ஃபார்மேட் செய்து பழைய சிடியிலிருந்து எக்ஸ்பியை நிறுவினால் அந்த ஓட்டையும் திரும்பி வந்துவிடும். ஒட்டுப்போட்டை இறக்க இணையத்தில் இணைந்த சில நிமிடங்களில் புழுவும் வந்துவிடும். பாதுகாப்பில்லாத விண்டோஸ் கணினி இணையத்தில் சராசரியாக 20 நிமிடம்தான் தாங்கும் என்று 2004-ல் அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனம் கணக்கிட்டது. ஆகவே முன்கூட்டியே ஒட்டுப்போட்டைச் சிடியில் எழுதி வைப்பதும் தயாரிப்பில் சேர்ந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-தான் தடுப்புச் சுவரைத் தானாகவே இயங்கும்படி செய்தது.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்தது

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது பரவப் பல ஆண்டுகள் ஆனது. அதுவரை டிஸ்கி, 1999-ல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம், இலங்கையில் பரவலான பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை. இவற்றில் பெரும்பாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கிலம் போன்ற ஐரோப்பிய எழுத்துகளின் எண்கள்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு.

எழுத்துரு எங்கே இருந்தது? சி டிரைவில், விண்டோஸ் கோப்பகத்துக்குள். கதை, கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் பொறுப்பாகச் சிடியில் எழுதி வைத்தவர்கள்கூட எழுத்துருவை எடுக்க மறந்தால், திறக்கும்போது ஒன்றும் புரியாத குறிகள்தான் வரும். கோப்பு அழியவில்லை, ஆனால் வாசிக்க முடியாது. பாமினி, டிஸ்கி போன்றவற்றுக்கு இன்று மாற்றிகள் இருப்பதால் பிழைத்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு முறை வைத்திருந்த சிறு எழுத்துருக்களில் எழுதியவர்களுக்கு அது எளிதில்லை.

யூனிகோடுக்கு மாறியவர்களும் எக்ஸ்பியை மறுபடி நிறுவினால் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், சிக்கலான எழுத்து வகைகளுக்கான கட்டத்தில் டிக் அடித்து, மறுபடியும் எக்ஸ்பி சிடியைப் போட வேண்டியிருந்தது. அதைச் செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிறகு பழகிய முறையில் தட்டச்சு செய்ய விரும்பினால் இ-கலப்பையோ முரசு அஞ்சலோ நிறுவ வேண்டியிருந்தது.

அழியாததால் வந்த ஆபத்து

இதுவரை சொன்னது அழிந்ததைப் பற்றி. அழியாமல் போனதும் ஒரு பிரச்சினைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய 158 வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஃபார்மேட் செய்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்து விற்றவர்களின் தட்டுகளும் அதில் இருந்தன.

2007-ல் பரவலாக விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் முழு ஃபார்மேட் என்பது தட்டு முழுவதையும் சுழியத்தால் நிரப்பும் வேலையாக மாறியது. 2009-ல் விண்டோஸ் 7, எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளுக்கு டிரிம் என்ற வசதியைக் கொண்டுவந்தது. இதனால் அத்தகைய தட்டில் விரைவு ஃபார்மேட் செய்தாலே பழைய கோப்புகளை மீட்பது பெரும்பாலும் நடக்காது. பீட்டர் நார்ட்டன் காலத்து இரண்டாம் வாய்ப்பு இப்படியாக மூடிக்கொண்டது.

ஒரு பொத்தான் போதும் என்ற காலம்

2012-ல் விண்டோஸ் 8, சிடி இல்லாமலேயே கணினியைப் புதிதாக்கும் பொத்தானைக் கொடுத்தது. கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். அப்படிக் கேட்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, ஃபார்மேட்டே செய்யாத சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டதால் மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவினால் பல கணினிகளில் தட்டு தானாகவே பூட்டப்படுகிறது. அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டால்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் பழைய வீட்டுக் கணினிகளை அழித்து வேறு இயங்குதளம் போடும் வேலை மறுபடியும் வீடுவீடாக நடக்கிறது. இந்த நாற்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அழிக்கும் வேலை ஒவ்வொரு தலைமுறையிலும் எளிதாகிக்கொண்டே வந்தது. மென்பொருளும் டிரைவரும் இன்று இணையத்தில் தானாகவே திரும்பக் கிடைக்கும். திரும்பக் கிடைக்காதது நாம் உருவாக்கியது மட்டும்தான். அது எந்தக் கோப்பகத்தில் இருக்கிறது, எந்த எழுத்துருவில் இருக்கிறது, எந்தச் சாவியால் பூட்டியிருக்கிறது என்று எந்தக் கணினியும் முழுதாகச் சொல்லாது.

ஆகவே உங்கள் வீட்டுக் கணினியை யாராவது ஃபார்மேட் அடிக்க வந்தால் மூன்று வேலை செய்யுங்கள். வேண்டியதை இன்னொரு தட்டில் நகலெடுங்கள் (இன்னொரு டிரைவில் இல்லை, இன்னொரு தட்டில்!). அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் அந்தக் கணினியைத் தொட்ட ஒவ்வொருவரிடமும், "உன்னுடையது ஏதாவது இதில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அம்மா டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ஒரே ஒரு போட்டோ வேறெங்கும் இல்லாததாக இருக்கலாம்.