சாதா பெட்ரோலா? பிரீமியம் பெட்ரோலா? - ஒரு சிறு வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரி பூமி. மழை பெய்தால் விளைச்சல், இல்லையென்றால் கடன். இந்த ஊர்ச் சாலைகளிலும் ஏர் ஃபில்டர் மாற்றிய கார், சைலன்ஸர் மாற்றிய கார், அகல டயர் போட்ட கார் என்று பலவும் ஓடுகின்றன. "வண்டியில் வேலை செய்திருக்கிறோமே, இனி பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டுமோ?" என்பது இவற்றின் சொந்தக்காரர்களுக்கு வரும் சந்தேகம். ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் காசு போகிற விஷயம் இது. இதற்கு விடை பெட்ரோலின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆக்டேன் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. பிளக் பொறி விட்ட பிறகு அது ஒரே சீராக எரிய வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் அதில் ஒரு பகுதி தானாகவே வெடித்தால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். இதைத் தாங்கும் குணத்தை அளக்க 1920களில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் ஒரு அளவுகோல் தந்தார். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. ஆக, ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலுக்குப் பொறுமை கூடும். பலம் கூடும் என்று அர்த்தமில்லை.

ஈயம் தந்த ஆக்டேன்

ஆக்டேனைக் கூட்ட மலிவான வழியை 1921ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அதுதான் ஈயம் கலந்த டெட்ராஎத்தில் லெட். 1924ல் நியூஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலை ஒன்றில் 5 தொழிலாளர்கள் விஷம் ஏறி இறந்தார்கள். அப்படியும் விற்பனை நிரந்தரமாக நிற்கவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம், பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் புகையாக வெளியேறியது.

இந்தியாவில் அந்த நாட்களில் 87, 93 என்று இரண்டு ரக பெட்ரோல் இருந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021ல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. கண்டுபிடித்து சரியாக நூறு ஆண்டுகள்!

பெயர் மாறியது, எண் மாறவில்லை

2002ல் பாரத் பெட்ரோலியம் 'ஸ்பீடு' என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தது. அடுத்து இந்தியன் ஆயிலின் 'எக்ஸ்ட்ரா பிரீமியம்' வந்தது. இவற்றின் சிறப்பு, இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் ரசாயனங்கள்தான். ஆக்டேன் எண் சாதா பெட்ரோலுடையதே. "பேர் பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி இல்லே" என்று ஒரு சொலவடை உண்டே, ஆக்டேனைத் தேடிப் போனவருக்கு அதே கதைதான். வரியும் சேர்ந்துகொண்டது. இப்படிப் பெயர் வைத்து விற்கும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 7.50 ரூபாயாக இருந்த கலால் வரி, 2014 பட்ஜெட்டில்தான் 2.35 ரூபாயாகக் குறைந்தது.

உண்மையிலேயே எண் கூடிய பெட்ரோலும் உண்டு. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் 'எக்ஸ்பி100' பெட்ரோலை 10 நகரங்களில் அறிமுகப்படுத்தியது. டெல்லியில் அப்போது லிட்டர் 160 ரூபாய்.

இதற்கிடையே சாதா பெட்ரோலும் சும்மா இருக்கவில்லை. 88 ஆக இருந்த எண் 91 ஆனது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் 95 ஆகியிருக்கிறது என்று 2025ல் மத்திய பெட்ரோலியத் துறை விளக்கம் தந்தது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும்.

அப்படியானால் எது?

ஏர் ஃபில்டர், சைலன்ஸர், டயர் மாற்றியதால் இன்ஜினின் அழுத்த விகிதம் மாறுவதில்லை. அந்தக் காருக்குக் கம்பெனி கையேட்டில் சொன்ன எண்ணே போதும். சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்து அழுத்தத்தைக் கூட்டியிருந்தாலோ, டர்போ காரில் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றியிருந்தாலோ கதை வேறு. அங்கே ஆக்டேன் குறைந்தால் பிஸ்டனே ஓட்டையாகலாம். அதிலும் கத்திரி வெயிலில் இன்ஜினுக்குள் போகும் காற்றே கொதிப்பதால் நாக்கிங் இன்னும் சீக்கிரம் வரும். டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கார் மே மாதத்தில் சத்தம் போட்டால் ஆச்சரியமில்லை.

புரோகிராம் மாற்றிய மெக்கானிக்கிடம் "எத்தனை ஆக்டேனுக்கு செட் பண்ணீங்க?" என்று கேட்டு, அந்த எண்ணுள்ள பெட்ரோலைப் போட வேண்டும். மற்றவர்கள் பங்கில் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தாலே போதும். மிச்சமாகும் காசு நல்ல என்ஜின் ஆயிலுக்கு ஆகும்.