மச்சான் கையில் இருந்த கயிறு

முத்துக்குளிக்கப் போனா மச்சானைக் கூட்டிட்டுப் போகணும்னு தூத்துக்குடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. குளிக்கிறவர் கல்லோட இறங்குவார். படகில் கயிறு பிடிக்கிறது மனைவியோட கூடப்பிறந்தவன். அக்கா தாலி மேல அவனுக்கு இருக்கிற அக்கறை கூலிக்கு வந்தவனுக்கு வருமா? கயிறு சுண்டினா மேலே இழுக்கணும். அவ்வளவுதான் அன்றைய மருத்துவக் கண்காணிப்பு :-)

மார்க்கோ போலோ எழுதினதில் சுறாவை மந்திரத்தால் கட்டுறவங்களும் வர்றாங்க. எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவங்களுக்காம். மச்சானுக்கு எவ்வளவோ!

1903 முதல் 1906 வரை ஹெர்ட்மன் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி பற்றி ஐந்து தொகுதி வெளியிட்டார். ஹார்னெல் 1905-ல் நம்ம பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். ரெண்டிலும் கதாநாயகன் சிப்பிதான். குளிக்கிறவர் ரத்தத்தில் என்ன நடக்குதுன்னு அளக்க அப்போ கருவியே கிடையாது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிஞ்சு போச்சு.

கயிற்றில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஆழத்தில் நீரழுத்தம் இருக்கிறவரை நுரையீரலில் மிச்சமிருக்கிற ஆக்சிஜன் போதும் போலத் தெரியும். மேலே வர வர அழுத்தம் குறையும், ரத்தத்துக்குப் போற ஆக்சிஜனும் சட்டுனு இறங்கும். மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே மயக்கம். மயங்கினவர் கயிற்றைச் சுண்ட முடியாதே!

சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைத் தோல் வழியா அனுப்பி, நாடித் துடிப்பை வெச்சு ஆக்சிஜனை அளக்கிற முறையை 1974-ல் ஜப்பானின் அவோயாகி கொண்டு வந்தார். ஆனா விரலில் கிளிப் மாட்டிட்டு சங்கு பொறுக்க முடியுமா? இங்கேதான் மென் மின்னணுவியல் வருது. 2011-ல் அமெரிக்காவில் ஜான் ரோஜர்ஸ் குழு, பச்சைகுத்தின மாதிரி தோலில் ஒட்டிக்கிற சுற்றைக் காட்டினாங்க. சிலிக்கானை முடியை விட மெலிசாக்கி, கம்பியைப் பாம்பு மாதிரி நெளிச்சு வெச்சா, தோல் இழுபடும்போது அதுவும் கூடவே இழுபடும். 2019-ல் தண்ணீருக்குள்ளேயே நீச்சல்காரர் வியர்வையை அளக்கிற ஒட்டும் வந்தது. கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் குளிக்கிற அறுபது, எழுபது வயசுப் பாட்டிகளுக்குக் கருவி மாட்டி, கடலுக்குள்ளேயே இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் அளந்த ஆய்வு 2025-ல் வெளியாச்சு.

நம்ம ஊர்ல சங்கு குளிக்கிறவங்க பலர் இப்போ கம்ப்ரசர் காற்றுக்குழாயோட இறங்குறாங்க. அவங்களுக்கு ஆபத்தே வேற. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைஞ்ச நைட்ரஜன், வேகமா மேலே வந்தா குமிழாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஆக்சிஜன் அளக்கிற ஒட்டுக்கு அந்தக் குமிழ் தெரியாது. அதனால இவங்களுக்கு முதல்ல வேண்டியது எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம்னு கணக்கு வெச்சு, மெதுவா மேலே வான்னு சொல்ற டைவ் கம்ப்யூட்டர். அது கடைகளிலேயே கிடைக்குது. சாதாரண கைக்கடிகாரம் அளவுதான்.