அரிப்பு அடங்கிய பிறகும் தொடர வேண்டிய சிகிச்சை: பெண்களின் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் நோய் குறித்து

பெண்ணின் வெளிப்பிறப்புறுப்புத் தோலில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோய்கள் பல உண்டு. சொறியச் சொறியத் தோல் தடிப்பது, சோப்பும் நாப்கினும் கிளப்பும் ஒவ்வாமை, சோரியாசிஸ், யோனிக்குள்ளும் புண்ணாக்கும் லைக்கன் பிளானஸ் ஆகியவை அவற்றுள் சில. இக்கட்டுரை லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. உறுப்பின் வடிவத்தையே சிதைக்கும் நோய் இது. அதைத் தடுக்கும் மருந்து விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது. அப்படியிருந்தும் சிதைவு நேர்கிறது. அரிப்பு நின்றதை நோய் நின்றதாகக் கொள்ளும் பழக்கமே இதற்கு முதன்மைக் காரணம் என்பது என் வாதம்.

1887இல் பிரெஞ்சு மருத்துவர் அலோப்போ இந்நோயை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் இது பல பெயர்களில் அழைக்கப்பட்டது. புற்றுநோயாகிவிடும் என்ற அச்சத்தால் வெளியுறுப்பு முழுவதையும் அறுத்தெடுத்த காலமும் இருந்தது. அறுத்த இடத்தில் ஒட்டிய புதுத்தோலிலும் நோய் திரும்பி வந்தது. 1990களில் வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு களிம்பான குளோபெட்டசால் 0.05 விழுக்காடு நிலைபெற்ற பின்னரே கத்தி ஓய்ந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வரும் நோய் என்றே இன்று பெரிதும் கருதப்படுகிறது. இந்நோயுள்ள பெண்களிடம் தைராய்டு கோளாறு கூடுதலாகக் காணப்படுவது அதற்கு ஒரு சான்று. இது தொற்றுவதில்லை. சுத்தக்குறைவாலும் வருவதில்லை.

நோயைக் கண்ணால் பார்த்தால் அடையாளம் காண்பது பெரும்பாலும் கடினமன்று. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு வடிவில் வெளுப்பு படர்ந்திருக்கும். வெளுத்த தோல் பளபளத்து, சிகரெட் தாள்போல் நுண்சுருக்கம் விழுந்திருக்கும். சொறிந்த இடங்களில் சிவந்த இரத்தத் திட்டுகள் தெரியும். யோனிவாயின் கீழ்விளிம்பில் வெடிப்பு இருக்கும்; அதனால் உடலுறவும் சில வேளை மலம் கழிப்பதும் வலிக்கும். நோய் முற்றும்போது சிற்றிதழ்கள் கரைந்து பேரிதழோடு ஒட்டிவிடும், கிளிட்டோரிஸ் தழும்புக்குள் புதையும், யோனிவாய் குறுகும். யோனியின் உட்புறம் மட்டும் பொதுவாகத் தப்பிவிடும். லைக்கன் பிளானஸிலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே நல்ல குறிப்பு.

ஆனால் பார்ப்பது என்ற அந்த முதல் படியே பல நேரம் நடப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண் தயங்கித் தயங்கி, "கீழே அரிக்குது டாக்டர்" என்கிறார். மேசையைத் தாண்டாமலே பூஞ்சை மாத்திரை எழுதப்படுகிறது. சர்க்கரை நோயோ ஹார்மோன் சிகிச்சையோ இல்லாத நிலையில், மாதவிடாய் நின்றபின் பூஞ்சைத் தொற்று அரிது. ஆகவே இரண்டாம் முறை அதே மாத்திரையை எழுதுமுன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மாநிறத் தோலில் வெளுப்பைக் கண்டு வெண்புள்ளி என்று முடிவுகட்டுவதும் உண்டு. வெண்புள்ளியில் நிறம் மட்டுமே போகும். தோலின் இழைமம் மாறாது. பருவமடையாத சிறுமிகளுக்கும் இந்நோய் வரும். அவர்களிடம் காணும் இரத்தத் திட்டுகள் பாலியல் வன்முறையின் தடயமாகத் தவறாகப் படிக்கப்பட்டதுண்டு. இரண்டும் ஒரே குழந்தையிடம் இருக்கவும் கூடும் என்பதால் மிகக் கவனமாக ஆராய வேண்டிய இடம் அது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் கேல் ஃபிஷர் குழுவினர், திசுச் சோதனையில் நோய் உறுதியான 507 பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்ந்த 357 பேரில் ஒருவருக்கும் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. அரைகுறையாகத் தொடர்ந்த 150 பேரில் 7 பேருக்கு வந்தது. தழும்பும் ஒட்டலும் முதல் பிரிவில் 3.4 விழுக்காட்டினரிடமும் இரண்டாவதில் 40 விழுக்காட்டினரிடமும் கூடின. குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை அன்று இது; மருந்தை ஒழுங்காகப் போடுபவர் பிற வகையிலும் வேறுபட்டவராக இருக்கலாம். இருந்தும் தழும்பில் தெரியும் இடைவெளியை அதைக்கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. மேலும் அக்குழுவினர் இலக்காக வைத்தது அரிப்பு நிற்பதை மட்டுமன்று. தோல் இயல்பான நிறத்துக்கும் இழைமத்துக்கும் திரும்புவதையும்தான். உயர் இரத்த அழுத்தத்தைப் போலவே இதையும் வாழ்நாள் கண்காணிப்புக்குரிய நோயாகக் கருத வேண்டும்.

மருந்தை நிறுத்தவைக்கும் இன்னொரு காரணம் பயம். களிம்போடு வரும் தாளில் பிறப்புறுப்பில் தடவாதே என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்குப் போய்ப் படிக்கும் பெண் குழாயை மூடி வைத்துவிடுகிறார். வழக்கமான முறையில் முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை என்று தடவினால் 30 கிராம் குழாய் ஒன்று மூன்று மாதத்துக்குப் போதும். ஒரு முறைக்கு ஆள்காட்டி விரல் நுனியளவு, ஏறத்தாழ அரை கிராம். இந்த அளவில் நோயுற்ற இடத்தில் தடவும்போது தோல் மெலிவது அரிது. நம் நாட்டில் இதே குளோபெட்டசால் பூஞ்சை மருந்தோடு கலந்து படர்தாமரைக்கு மருத்துவச் சீட்டின்றி விற்பனையாகி, அந்நோயை முற்றவைக்கிறது. தேவையற்ற இடத்தில் தாராளமாகவும் தேவையான இடத்தில் பயத்தோடும் ஒரே மருந்து கையாளப்படுவது பெரும் கேடு.

மகப்பேறு மருத்துவமும் தோல் மருத்துவமும் இந்த உறுப்பை ஒன்றுக்கொன்று தள்ளிவிடாமல் சேர்ந்து பார்க்கும் வெளிநோயாளர் பிரிவு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் வாரம் ஒரு நாளாவது இயங்க வேண்டும். அரிப்பு நின்ற பெண்ணையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைத்துப் பாருங்கள். ஆறாத புண்ணோ தடித்த கட்டியோ தென்பட்டால் அன்றே திசுச் சோதனைக்கு அனுப்புங்கள்.